படத்துக்கு முகவரி இல்லாதபோது இமேஜ் டேக்கில் என்ன எழுதுவது?

இணையப் பக்கங்கள் செய்கிறவர்கள் எல்லோருக்கும் இந்த நிலை வரும். பக்கத்தில் படத்தைக் காட்டும் இமேஜ் டேக் (<img>) தயாராக இருக்கிறது, அதில் போட வேண்டிய படத்தின் முகவரி மட்டும் கையில் இல்லை. பயனர் இன்னும் தன் படத்தை ஏற்றியிருக்க மாட்டார். அல்லது கடையில் அந்தப் பொருளுக்குப் படமே எடுத்திருக்க மாட்டார்கள். அல்லது பக்கத்தை உருட்டிக் கீழே வந்தபிறகு முகவரியைக் கொடுத்துக்கொள்ளலாம் என்று ஒரு ஸ்கிரிப்ட் காத்திருக்கும். அப்போது படத்தின் முகவரியை எழுதும் சோர்ஸ் (src) இடத்தில் இரண்டு மேற்கோள் குறிகளைப் போட்டு நடுவில் ஒன்றும் எழுதாமல் விடுவதுதான் சுலபம். பெரும்பாலான டெம்ப்ளேட்டுகள் நம்மைக் கேட்காமலேயே அதைச் செய்துவிடுகின்றன. டேட்டாபேஸில் மதிப்பு இல்லை என்றால் அந்த இடம் காலி, அவ்வளவுதான்.

இதற்கு மாற்றாகச் சொல்லப்படும் வழிகள் பல. சோர்ஸையே எழுதாமல் விடலாம், ஹேஷ் குறி (#) போடலாம், கண்ணுக்குத் தெரியாத ஒற்றைப் பிக்சல் படம் வைக்கலாம், டேக்கையே எழுதாமல் இருக்கலாம், உண்மையான முகவரியைக் கொடுத்துவிட்டு எப்போது ஏற்றுவது என்பதை உலாவியிடம் விடலாம். இவற்றில் எது நல்லது என்று பொதுவாகக் கேட்டால் பதில் கிடைக்காது. முகவரி ஏன் காலியாக இருக்கிறது என்று முதலில் கேட்க வேண்டும். "உலாவிகள் எல்லாம் இப்போது சரியாகிவிட்டன, காலியாக விட்டால் ஒன்றும் ஆகாது" என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். அது பாதிதான் உண்மை. மீதிப் பாதியைப் புரிந்துகொள்ளக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

காலி முகவரி எங்கே போய்ச் சேரும்?

இணைய முகவரிகளின் இலக்கணத்தைச் சொல்லும் ஆவணம் ஆர்எஃப்சி 3986. 2005 ஜனவரியில் வந்தது. முழு முகவரி இல்லாமல் பாதி முகவரி கொடுத்தால், அது இருக்கும் பக்கத்தின் முகவரியோடு சேர்த்து எப்படி முழுமையாக்குவது என்ற விதி அதில் உண்டு. அந்த விதிப்படி ஒன்றுமே எழுதாத முகவரியும் முறையான முகவரிதான். அது இருக்கும் பக்கத்தையே குறிக்கும். பாதி முகவரிகளுக்கெல்லாம் அடிப்படை எது என்று சொல்லும் பேஸ் டேக் போட்டிருந்தால் அதில் உள்ள முகவரியைக் குறிக்கும்.

இணைப்புக்கு இது பொருத்தமான விதி. காலி இணைப்பைச் சொடுக்கினால் அதே பக்கம் மறுபடி வரும். படிவத்தின் ஆக்ஷன் காலியாக இருந்தால் அதே பக்கத்துக்கே தகவல் போகும். இவ்விரண்டும் இன்றும் அப்படித்தான் வேலை செய்கின்றன. ஆனால் இதே விதியைப் படத்துக்கு வைத்தால், பக்கம் தன்னையே ஒரு படமாகக் கேட்கிறது. உலாவி அந்தப் பக்கத்தின் முழு ஹெச்டிஎம்எல்லையும் சர்வரிடம் இரண்டாம் முறை வாங்கி, இது படம் இல்லையே என்று தூக்கி எறிந்துவிடும்.

2009 வரை பல உலாவிகள் இதைத்தான் செய்துகொண்டிருந்தன. அந்த ஆண்டு நவம்பரில், யாஹூவில் முன்பக்கப் பொறியாளராக இருந்த நிக்கோலஸ் ஜகாஸ் இதைச் சோதித்து எழுதினார். சஃபாரியும் குரோமும் அதே பக்கத்தைத் திரும்பக் கேட்டன. இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் பக்கத்தைக் கேட்காமல், அந்தப் பக்கம் இருக்கும் கோப்புறையின் முகவரியைக் கேட்டது. ஃபயர்பாக்ஸ் பழைய பதிப்புகளில் சஃபாரி மாதிரி நடந்துகொண்டு, 2009 ஜூனில் வந்த 3.5 பதிப்பில் நிறுத்திக்கொண்டது. ஓப்பரா எதையுமே கேட்கவில்லை. ஒரே டேக்குக்கு மூன்று விதமான நடத்தை. யாஹூவின் செயல்திறன் விதிகளிலும், பக்கங்களைச் சோதிக்கும் ஒய்ஸ்லோ கருவியிலும் "காலி சோர்ஸ் வேண்டாம்" என்பது ஒரு விதியாகவே சேர்ந்தது.

சர்வருக்குக் கூடுதல் சுமை என்பது இதில் வெளியே தெரியும் பகுதி. அதைவிட மோசமான விளைவு வேறு. அந்த இரண்டாவது ரிக்வெஸ்ட், பயனர் யார் என்று சர்வருக்குக் காட்டும் குக்கிகளோடு போகிறது. எனவே அதே பயனர் அதே பக்கத்தை மறுபடி திறந்துவிட்டார் என்றே சர்வர் எடுத்துக்கொள்ளும். ஒருமுறை மட்டும் காட்டி அழிக்க வேண்டிய அறிவிப்பு அந்தக் கள்ள ரிக்வெஸ்டில் அழிந்துபோகும். ஒவ்வொரு முறை பக்கம் திறக்கும்போதும் புதிய பாதுகாப்பு டோக்கன் (சர்வர் சரிபார்க்கும் ரகசியக் குறியீடு) தரும் படிவமாக இருந்தால், பயனர் கண்முன் இருக்கும் படிவத்தில் பழைய டோக்கன்தான் இருக்கும். அவர் எல்லாவற்றையும் நிரப்பி அனுப்பினால் "செல்லாத கோரிக்கை" என்று பதில் வரும். பக்கம் திறக்கப்பட்ட எண்ணிக்கை இரட்டிப்பாகும்.

திரையில் தெரியும் அறிகுறியோ, ஒரு மூலையில் படம் இல்லை என்பது மட்டும்தான். படிவம் ஏன் செல்லவில்லை என்று தேடுகிற எவருக்கும் படத்தின் மேல் சந்தேகம் வராது. இத்தனை வருடங்களுக்குப் பிறகும் இதைப் பற்றி எழுத வேண்டியிருப்பதற்கு அதுதான் காரணம்.

இன்றைய விதி

ஹெச்டிஎம்எல்5 எழுதப்பட்ட காலத்தில் இது தரநிலையிலேயே திருத்தப்பட்டது. இமேஜ் டேக்கின் சோர்ஸ் காலியாக இருக்கக் கூடாது. இருந்தால் உலாவி சர்வரிடம் எதுவும் கேட்காமல், படம் உடைந்துவிட்டது என்று குறித்துக்கொண்டு, எரர் நிகழ்வை (பிழை என்று ஸ்கிரிப்டுக்குச் சொல்லும் அறிவிப்பை) மட்டும் எழுப்ப வேண்டும். ஸ்கிரிப்ட் டேக்கின் சோர்ஸ் காலி என்றாலும் எரர்தான், எதுவும் இறங்காது. லிங்க் டேக்கின் முகவரி காலி என்றால் உலாவி அதைக் கண்டுகொள்வதில்லை. ஐஃப்ரேம் காலி என்றால் வெற்றுப் பக்கம் வரும். வீடியோவின் போஸ்டர் காலி என்றால் போஸ்டர் இல்லை என்று பொருள். சிஎஸ்எஸ்ஸில் பின்னணிப் படத்தின் முகவரி காலியாக இருந்தால் அது செல்லாத முகவரி என்று அதன் தரநிலையும் சொல்லிவிட்டது.

ஆக, இப்போதைய உலாவியில் காலி சோர்ஸ் பக்கத்தை இரண்டாம் முறை கேட்காது. ஆனால் காலி போலத் தோன்றி, உண்மையில் காலியாக இல்லாதவற்றுக்கு இந்தப் பாதுகாப்பு கிடையாது. கீழே ஒவ்வொரு வழியையும் இந்தக் கண்ணோடுதான் பார்க்கிறேன்.

ஹேஷ் குறியும் அதன் கூட்டாளிகளும்

முதலில் வேண்டாததைச் சொல்லிவிடுகிறேன். இணைப்புகளில் தற்காலிகமாக # போட்டுப் பழகிய கை, படத்துக்கும் அதையே போடுகிறது. காலியாக விடக் கூடாது என்று பிழை தேடும் செக்கர் சொன்னது, அதனால் # போட்டேன் என்பார்கள். இது காலியாக விடுவதைவிட மோசம். # என்பது காலி இல்லை. அது "இதே பக்கத்தின் தொடக்கம்" என்று பொருள்தரும் முறையான முகவரி. ஹேஷுக்குப் பின்னால் வருவது சர்வருக்குப் போகாது, எனவே உலாவி இருக்கும் பக்கத்தையே படமாகக் கேட்கும். 2009-இல் இருந்த அதே பிரச்சினையை நாமே கைப்பட எழுதித் திரும்பக் கொண்டுவந்த மாதிரி ஆகிவிடும். ஒற்றைக் கேள்விக்குறி போட்டாலும் இதே கதைதான். மேற்கோள் குறிகளுக்கு நடுவே ஒரு இடைவெளி மட்டும் விழுந்திருந்தால்கூட, தரநிலையின் எழுத்துப்படி அது காலிச் சரம் இல்லை. டெம்ப்ளேட்டில் மதிப்பை இடைவெளி நீக்கிச் சோதிப்பது இதற்காகத்தான்.

அடுத்தது, ஜாவாஸ்கிரிப்டில் இல்லாத மதிப்பைச் சரத்தோடு ஒட்டும்போது "நல்" (null) அல்லது "அன்டிஃபைண்ட்" (undefined) என்ற சொல்லே முகவரியாகப் போய் உட்காருவது. அந்தப் பெயரில் ஒரு கோப்பை உலாவி தேடிப் போகும். சாதாரண சர்வராக இருந்தால் 404, அதாவது கோப்பு இல்லை, என்று முடிந்துவிடும். ஆனால் இன்றைய ஒற்றைப் பக்கச் செயலிகளில், தெரியாத முகவரி எதுவந்தாலும் முதன்மைப் பக்கத்தையே 200 (சரி) என்ற பதிலோடு அனுப்பும்படி சர்வரை அமைத்திருப்பார்கள். அப்போது படத்துக்குப் பதில் முழு ஹெச்டிஎம்எல் வரும், பதிவேட்டில் எல்லாம் நலம் என்றே தெரியும்.

நான் மிகவும் கவலைப்படுவது மூன்றாவதைப் பற்றி. படங்கள் இருக்கும் கோப்புறையின் முகவரியை முன்னால் வைத்து, கோப்பின் பெயரைப் பின்னால் ஒட்டுவது எல்லோரும் செய்வது. பெயர் இல்லை என்றால் கோப்புறையின் முகவரி மட்டும் மிஞ்சும். உலாவிக்கு அது காலி முகவரியாகத் தெரியாது, நேராகக் கோப்புறையைப் போய்க் கேட்கும். பழைய இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் செய்ததை இப்போது நம் கோட் செய்கிறது. எந்த உலாவித் திருத்தமும் இதிலிருந்து நம்மைக் காப்பாற்றாது. ஒட்டுவதற்கு முன்னால் பெயர் இருக்கிறதா என்று பார்ப்பது ஒன்றுதான் வழி.

காலியாகவே விட்டால்

நெட்வொர்க் அளவில் இன்று தொல்லை இல்லை என்று பார்த்தோம். மிஞ்சுவது மூன்று. ஒன்று, பக்கம் தரநிலைப்படி இருக்கிறதா என்று சோதிக்கும் ஹெச்டிஎம்எல் வேலிடேட்டர் இதைப் பிழை என்று சொல்லும். இரண்டு, பக்கத்தைப் படிப்பவை உலாவிகள் மட்டும் அல்ல. இணைப்புகளைச் சோதிக்கும் கருவிகள், பக்கத்தைப் பிடிஎஃப் ஆக்கும் நிரல்கள், தேடுபொறிகளின் பாட் (bot) நிரல்கள், பக்கங்களிலிருந்து தகவல் எடுக்கச் சொந்தமாக எழுதிய ஸ்கிரேப்பர்கள் என்று எத்தனையோ உண்டு. காலி முகவரியை ஆர்எஃப்சி விதிப்படி முழுமையாக்கும் நிரல் எதுவாக இருந்தாலும் அதே பக்கத்துக்குத் திரும்பி வரும்.

மூன்றாவது, எரர் நிகழ்வு. படம் வராவிட்டால் மாற்றுப் படத்தை வை என்று, எரர் எழும்போது ஓடும் ஒரு கைப்பிடி (ஹேண்ட்லர்) எழுதிவைப்பது வழக்கம். அந்த மாற்றுப் படத்தின் முகவரியும் ஒரு மாறியிலிருந்து வருகிறது, அந்த மாறியும் காலி என்று வைத்துக்கொள்வோம். சோர்ஸ் மறுபடி காலியாகும், மறுபடி எரர் எழும், கைப்பிடி மறுபடி ஓடும். இது நிற்காது. சர்வருக்கு ஒன்றும் போகாததால் பதிவேட்டில் எதுவும் தெரியாது, பயனரின் போன் மட்டும் சூடாகிக்கொண்டே இருக்கும். மாற்றுப் படத்தை வைப்பதற்கு முன் அந்தக் கைப்பிடியைக் கழற்றிவிடும் ஒரு வரி கட்டாயம் வேண்டும்.

சோர்ஸையே எழுதாமல் விடுவது

காலி சோர்ஸுக்கும் இல்லாத சோர்ஸுக்கும் நடத்தையில் முக்கியமான ஒரு வித்தியாசம் உண்டு. சோர்ஸ் பண்பே இல்லை என்றால் எரர் நிகழ்வு எழாது. படம் உடைந்தது என்று ஸ்கிரிப்டுக்கு எந்த அறிவிப்பும் போகாது. பயனர் தேர்ந்தெடுக்கப் போகும் படத்துக்கு முன்னோட்டம் காட்டும் இடத்துக்கு இதுவே மிகப் பொருத்தம். அவர் தேர்ந்தெடுத்ததும் சோர்ஸைக் கொடுக்கலாம். அவர் நீக்கினால் காலிச் சரத்தை வைக்காமல் பண்பையே எடுத்துவிட வேண்டும். அதற்கென்றே ஜாவாஸ்கிரிப்டில் கட்டளை இருக்கிறது.

குறை என்ன? சர்வரிலிருந்து வரும் ஹெச்டிஎம்எல்லில் சோர்ஸ் இல்லாத இமேஜ் டேக்கும் தரநிலைப்படி பிழைதான். அப்புறம், அகலமும் உயரமும் கொடுத்திருந்தால் குரோம் அந்த இடத்தைச் சுற்றி மெல்லிய சாம்பல் கோடு வரையும். பார்டர் இல்லை என்று சிஎஸ்எஸ்ஸில் சொன்னாலும் அந்தக் கோடு போகாது என்று பலர் மண்டையை உடைத்துக்கொள்வார்கள். அது பார்டரே இல்லை, உலாவி தானாக வரைவது. சோர்ஸும் சோர்ஸ்செட்டும் (பல அளவுப் படங்களின் முகவரிகளைத் தரும் பண்பு) இல்லாத படங்களை மறைத்துவை என்று சிஎஸ்எஸ்ஸில் ஒரு விதி எழுதினால் சரியாகிவிடும்.

ஒற்றைப் பிக்சல் படம்

இடத்தை நிரப்புவதற்காகத் கண்ணுக்குத் தெரியாத ஒற்றைப் பிக்சல் ஜிஃப் வைப்பது இணையத்தின் ஆரம்ப காலத்திலிருந்து வரும் வழக்கம். கோப்பின் அளவு 43 பைட். அதை பேஸ்64-இல் (கோப்பை வெறும் எழுத்துகளாக மாற்றும் முறையில்) எழுதினால் 60 எழுத்து, டேட்டா முகவரியின் (படத்தையே தனக்குள் வைத்திருக்கும் முகவரியின்) முன்னொட்டையும் சேர்த்தால் 82 எழுத்து. தனியாக ரிக்வெஸ்ட் தேவையில்லை, வேலிடேட்டருக்கும் குறை இல்லை, எரரும் எழாது. இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 7 வரை டேட்டா முகவரி தெரியாது என்ற பழைய தடையும் இப்போது யாருக்கும் பொருட்டில்லை.

ஆனாலும் இதை நான் இரண்டாம் தரத்தில்தான் வைப்பேன். இது ஒரு உண்மையான படம் என்பதுதான் சிக்கல். அது இறங்கியதும் லோட் நிகழ்வு எழும். படம் வந்துவிட்டது என்று நம்பி ஓடும் கோட் எல்லாம் பிக்சலுக்காக ஓடிவிடும். இயல்பான அளவு ஒன்றுக்கு ஒன்று என்பதால், அகலத்தை மட்டும் கொடுத்து உயரத்தை உலாவியிடம் விட்ட இடங்களில் முதலில் சதுரமாக இடம் பிடித்து, உண்மையான படம் வந்ததும் பக்கம் குதிக்கும். எங்கிருந்து எதை ஏற்றலாம் என்று உலாவிக்குச் சொல்லும் உள்ளடக்கப் பாதுகாப்புக் கொள்கை (சிஎஸ்பி) அமைத்திருக்கும் தளங்களில் படங்களுக்கு டேட்டா முகவரியை அனுமதிக்கும் வரி இல்லை என்றால் பிக்சல் தடுக்கப்பட்டு, கன்சோலில் பிழைகள் குவியும்.

இதற்குப் பதிலாக "//:0" என்று எழுதும் ஒரு தந்திரமும் சுற்றி வந்தது. ஹோஸ்ட் பெயர் இல்லாததால் அது முகவரியாகவே செல்லாது, ரிக்வெஸ்ட் போகாது. ஆனால் எரர் எழும். காலியாக விடுவதைவிட இதில் கூடுதல் லாபம் எதுவும் இன்று இல்லை. விட்டுவிடலாம்.

உண்மையான முகவரியும் லேஸி லோடிங்கும்

முகவரி தெரியும், ஆனால் இப்போதே இறக்க வேண்டாம் என்பதற்காகத்தான் நிறையப் பக்கங்களில் சோர்ஸ் காலியாக்கப்படுகிறது. உண்மையான முகவரியை டேட்டா-சோர்ஸ் என்ற வேறு பண்பில் ஒளித்துவைத்து, படம் திரையருகே வரும்போது ஸ்கிரிப்ட் அதை எடுத்துச் சோர்ஸில் போடும். வேறு வழி இல்லாத காலத்தில் நல்ல யோசனை. இப்போது லோடிங் பண்பில் லேஸி என்று எழுதினால் உலாவியே பார்த்துக்கொள்கிறது. குரோம் 2019-இல், ஃபயர்பாக்ஸ் 2020-இல், சஃபாரி 2022-இல் இதைக் கொண்டுவந்துவிட்டன.

இரண்டுக்கும் இடையே தேர்வு செய்வதில் எனக்குத் தயக்கமே இல்லை. ஸ்கிரிப்ட் முறையில் ஸ்கிரிப்ட் ஓடாவிட்டால் படம் வரவே வராது. மெதுவான இணைப்பில் ஸ்கிரிப்ட் இறங்கும்வரை வெற்று இடங்களைத்தான் பார்க்க வேண்டும். உலாவியின் முறையில், ஜாவாஸ்கிரிப்டை அணைத்து வைத்திருப்பவருக்கு லேஸி என்ற சொல் செயல்படாது, படங்கள் வழக்கம்போல இறங்கும். பயனர் எதுவரை உருட்டினார் என்று சர்வர் வேவு பார்க்கக் கூடாது என்பதற்காகத் தரநிலையே அப்படி வைத்திருக்கிறது. பழைய உலாவிக்கு அந்தப் பண்பு தெரியாவிட்டாலும் படம் வரும். எந்த நிலையிலும் வாசகருக்குப் படம் கிடைக்கிறது என்பதே பெரிய விஷயம்.

ஒரு எச்சரிக்கை மட்டும் சொல்ல வேண்டும். பக்கம் திறந்தவுடன் முதல் திரையில் தெரியும் பெரிய படத்துக்கு லேஸி போடக் கூடாது. உலாவி ஹெச்டிஎம்எல்லைப் படித்துக்கொண்டிருக்கும்போதே முன்கூட்டிப் படங்களைத் தேடி இறக்கத் தொடங்கும். லேஸி என்று பார்த்தால் பக்கத்தின் அமைப்பு தெரியும்வரை காத்திருக்கும். படம் தாமதமாகும்.

டேக்கையே எழுதாமல் இருப்பது

படம் இல்லை, வரப்போவதும் இல்லை என்றால் இதுதான் முறை. டெம்ப்ளேட்டில் ஒரு நிபந்தனை, அவ்வளவுதான். காலி முகவரி, எரர், சாம்பல் கோடு, ஸ்கிரீன் ரீடர் வைத்துப் படிப்பவருக்கு அர்த்தமில்லாத ஒரு பட அறிவிப்பு, இவை எதுவும் எழாது. படம் இருக்க வேண்டிய இடத்தில் ஏதாவது தெரிய வேண்டும் என்றால், பெயரின் முதல் எழுத்தையோ பொதுவான ஒரு நிழலுருவையோ வைக்கலாம். நிழலுரு உண்மையான கோப்பாக இருந்தால் ஒருமுறை இறங்கி எல்லாப் பக்கங்களுக்கும் கேஷிலிருந்து வரும்.

ரியாக்ட் என்ற ஜாவாஸ்கிரிப்ட் நூலகத்தைப் பயன்படுத்துகிறவர்களுக்கு இந்த முடிவை நூலகமே எடுத்துக் கொடுத்துவிட்டது. 2024 டிசம்பரில் வந்த ரியாக்ட் 19, சோர்ஸுக்குக் காலிச் சரம் கொடுத்தால் அந்தப் பண்பை எழுதுவதே இல்லை. பக்கம் முழுவதும் மறுபடி இறங்கக்கூடும் என்று கன்சோலில் எச்சரித்து, டேக்கை எழுதாதே அல்லது நல் (null) மதிப்பைக் கொடு என்று சொல்கிறது. இதைப் பார்த்து எரிச்சலில் # போட்டு எச்சரிக்கையை வாயடைப்பவர்கள் உண்டு. தயவுசெய்து வேண்டாம். எதைத் தடுக்க அந்த எச்சரிக்கை வந்ததோ, அதையே அந்தக் குறி செய்கிறது.

நான் தேர்வு செய்யும் விதம்

படமே இல்லாத பதிவு என்றால் டேக் வேண்டாம். முகவரி தெரிந்த, கீழே வரும் படம் என்றால் உண்மையான சோர்ஸும் லேஸியும், கூடவே அகல உயரமும். பயனரின் கையிலிருந்து வரப்போகும் படம் என்றால் சோர்ஸ் இல்லாத டேக், மறைத்துவைக்கும் சிஎஸ்எஸ். ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் பழைய லேஸி லோடிங் நூலகத்தை உடனே எடுக்க முடியாது என்றால், அதுவரை ஒற்றைப் பிக்சல். காலிச் சரம் இந்த வரிசையில் எங்கும் வரவில்லை. அது இன்று ஆபத்தானது என்பதால் இல்லை, ஒவ்வொரு இடத்திலும் அதைவிடத் தெளிவான ஒன்று இருக்கிறது என்பதால்.

மின்னஞ்சல் டெம்ப்ளேட்டுகளுக்கு மட்டும் கணக்கு வேறு. ஜிமெயில் டேட்டா முகவரிப் படங்களைக் காட்டாது, ஸ்கிரிப்டும் ஓடாது. எனவே அங்கே இரண்டே வழிதான்: டேக்கை விட்டுவிடுவது, அல்லது சர்வரில் இருக்கும் உண்மையான மாற்றுப் படம்.

ஏற்கெனவே ஓடும் தளத்தில் இது ஒளிந்திருக்கிறதா என்று பார்க்க இப்போது நல்ல வழி வந்திருக்கிறது. ஹெச்டிடிபிஎஸ் தளங்களில் உலாவிகள் ரிக்வெஸ்டோடு செக்-ஃபெட்ச்-டெஸ்ட் (Sec-Fetch-Dest) என்ற ஹெட்டரை, அதாவது எதற்காகக் கேட்கிறோம் என்ற குறிப்பை, அனுப்புகின்றன. பக்கத்தைத் திறக்கும்போது அதில் டாக்குமென்ட் என்றும், படத்துக்குக் கேட்கும்போது இமேஜ் என்றும் இருக்கும். குரோமில் 2020 முதலும், ஃபயர்பாக்ஸில் 2021 முதலும், சஃபாரியில் 2023 முதலும் இது உண்டு. அந்த ஹெட்டரைச் சர்வர் பதிவேட்டில் சேர்த்து, ஹெச்டிஎம்எல் பக்கங்களுக்கு இமேஜ் என்று வந்த ரிக்வெஸ்டுகளை வடிகட்டிப் பாருங்கள். அப்படி ஒரு வரி வந்தாலும், அதன் ரெஃபரர் (எந்தப் பக்கத்திலிருந்து கேட்கப்பட்டது என்ற குறிப்பு), எந்தப் பக்கத்தின் டெம்ப்ளேட்டைத் திறக்க வேண்டும் என்று காட்டிவிடும்.